ஆறாத புண்ணும் ஐயுறும் அறிவும்

முறிந்த என்பைச் சத்திரசிகிச்சையால் இணைத்து, உருக்குத் தகடு பொருத்தித் தைத்த புண் ஆறிவிட்டால், நோயாளியின் துன்பம் தீர்ந்ததென்றே எண்ணுவோம். ஆனால், சில வேளைகளில், மாதங்கள் கழிந்தபின் அவ்விடம் மெல்ல வீங்குகிறது. கடுங்காய்ச்சல் இல்லை. ஆறிய வடு மீண்டும் வாய்திறந்து சீழ் கசிகிறது. அச்சீழில் வழக்கமான கிருமி எதுவும் வளர்வதில்லை. வழக்கமான மருந்துகளும் பயன் தருவதில்லை. இத்தகைய புண்களுள் அரிதாகச் சிலவற்றுக்குக் காசநோய்க் கிருமியே காரணமாகும்.

காசநோய் என்றதும் நெஞ்சும் இருமலுமே நம் நினைவுக்கு வருகின்றன. எனினும், அது என்பையும் பற்றும் என்பது புதிய செய்தியன்று. முதுகெலும்பைக் கூனச் செய்யும் அந்நோயை ஆங்கில வைத்தியர் பேர்சிவல் பொற் 1779ஆம் ஆண்டிலேயே விவரித்தார். நோய்க்குரிய கிருமியைத் தாம் கண்டதை 1882இல் பேர்லின் நகரில் றொபேட் கொக் அறிவித்தார்.

இக்கிருமியின் வலிமை வேகத்தில் இல்லை, பொறுமையில் இருக்கிறது. வேறு சில பற்றீரியாக்கள் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இதுவோ ஒருமுறை இரட்டிக்க 15 மணி நேரத்துக்கும் மேலாகிறது. ஆகவே, இரண்டொரு நாளில் முடியும் சோதனையில் இது அகப்படுவதில்லை. இதற்கென்றே அமைந்த வளர்ப்பில் 6 முதல் 8 வாரம் வரை காத்திருத்தல் வேண்டும்.

முறிந்த என்பை இது அடையும் வழிகள் இரண்டு. என்றோ உடலுட் புகுந்து உறங்கிக் கிடந்த கிருமி, இரத்தத்தின் வழியே சென்று, காயத்தால் நலிந்த இடத்தில் விழித்தெழுதல் ஒன்று. வெளியிலிருந்து வருதல் மற்றொன்று. 2021இல் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. இறந்த ஒருவரின் என்பிலிருந்து ஆக்கப்பட்ட பொருள், முதுகெலும்புச் சிகிச்சையிலும் என்புமுறிவுச் சிகிச்சையிலும் 113 பேருக்கு வைக்கப்பட்டது. அவர்களுள் 87 பேரிடம் காசநோயின் அடையாளம் தென்பட்டது. கொடுத்தவரிடம் இருந்த நோய் முன்கூட்டி அறியப்படவில்லை.

நோய் இன்னதென்று துணிந்துவிட்டால் சிகிச்சை உண்டு. ஐசோநியாசிட், றிபாம்பிசின் முதலிய மருந்துகளைச் சேர்த்துப் பல மாதங்கள் இடைவிடாது உட்கொள்ளுதல் வேண்டும். என்பு உறுதியாக நிலைபெற்றிருப்பின், தகட்டை அகற்றாமலே குணப்படுத்தலும் பலமுறை இயல்வதாகும். காலந்தாழ்த்தினாலோ என்பும் மூட்டும் அரிக்கப்பட்டுவிடும். அவ்விழப்பை எம்மருந்தும் மீட்காது.

எனவே, கிருமி இல்லை என்னும் ஒரு சோதனையின் விடையை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் தகாது. தேடாத கிருமியைச் சோதனை காட்டாது. ஆறாத புண்ணைக் கண்டால் வைத்தியர் மீண்டும் ஐயுறுதல் வேண்டும். நோயாளியும் தயங்காது மீண்டும் வினவுதல் வேண்டும்.