ஊவா மலைநாட்டின் நிலமும் நீரும்

நிலத்தின் இயல்பை ஆராயும் புவிச்சரிதவியலார் நாடும் பொருள்களுள் புவிநடுக்கம், எரிமலை, உயிர்ச்சுவடு, தரைக்கீழ் நீர் ஆகிய நான்கும் முதன்மையானவை. இவற்றுள் முதல் மூன்றும் ஊவா மாகாணத்தில் அவர்க்கு அரிதாகவே கிட்டும். அன்றேல் கிட்டவே மாட்டா. நான்காவதாகிய தரைக்கீழ் நீரோ அங்கே மலைதோறும் உறைகின்றது. தோட்ட மக்களின் பீலிகளுக்கு நீரூட்டுவதும் அதுவே. அவர்தம் லயங்களின் மீது மலையைச் சரிப்பதும் அதுவே. ஊவாவின் நில ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் இந்நீரின் போக்கை அறியும் ஆராய்ச்சியே எனலாம்.

முதல் மூன்றும் அங்கு அரியனவாதற்குக் காரணம் பாறைகளின் பழமையாகும். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளின் அடியிலுள்ளவை உருமாறிய பாறைகள். சாணொக்கைட்டு, நைசு, குவாட்சைட்டு, பளிங்குச் சுண்ணாம்புக்கல் என்பன அவற்றுட் சில. ஏறக்குறைய 55 கோடி முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலத்தில், இப்பாறைகள் புவியின் ஆழத்தே பெருவெப்பத்துக்கும் பேரமுக்கத்துக்கும் ஆளாகித் தம் பழைய உருவை இழந்தன. ஓடும் எலும்பும் உடைய உயிர்கள் கடலிற் பெருகுமுன்னரே அவற்றின் மூலப்பொருள் படிந்துவிட்டது. ஆதலின் அங்கு உயிர்ச்சுவடு தேடுவது வீண்முயற்சியாகும். இலங்கையில் உயிர்ச்சுவடு காண விழைவோர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லையோ, புத்தளம் மாவட்டத்துத் தப்போவையில் உள்ள யுராசிக் காலப் படிவுகளையோ நாடுதல் வேண்டும்.

எரிமலைகளும் பெரும் புவிநடுக்கங்களும் பெரும்பாலும் புவியோட்டின் தகடுகள் ஒன்றோடொன்று பொருதும் எல்லைகளிலேயே தோன்றுவன. இலங்கையோ இந்தியத் தகட்டின் உட்பகுதியில் உள்ளது. 2004 டிசம்பர் 26இல் கடல்கோளை எழுப்பிய புவிநடுக்கமும் தொலைவிலுள்ள சுமாத்திரா எல்லையிலேயே பிறந்தது. எனினும் தகட்டின் உட்பகுதி முற்றிலும் அசைவற்றதன்று. 2023 பெப்பிரவரியில் மொனராகலை மாவட்டத்தின் புத்தல, வெல்லவாய ஆகிய இடங்களில் சிறு நடுக்கங்கள் உணரப்பட்டன. அவை மக்களை அச்சுறுத்தினவேயன்றிப் பேரழிவு விளைத்தில.

இந்நாட்டின் பாறைகளை முறையாக ஆராயும் பணி 1903இல் தொடங்கிற்று. கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதல் இயக்குநராயிருந்தவர், பின்னாளிற் கீழைத்தேயக் கலை ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமியே. தோரியனைட்டு என்னும் கனிப்பொருளைக் கண்டெடுத்தவரும் அவரே. 1929இல் அடம்சு என்னும் அறிஞர் இலங்கையின் நிலம் மூன்று படிகளாக உயர்ந்து செல்வதை எடுத்துரைத்தார். பின்னர் இந்திய அறிஞர் வாடியா, நிலத்திணிவுகள் மேலுயர்த்தப்பட்டமையே அப்படிகளுக்குக் காரணம் என்றார். இலங்கைப் பல்கலைக்கழகத்துப் புவியியற் பேராசிரியர் குலரத்தினம் 1953இல் இந்நாட்டின் நிலத்தோற்றம் பற்றி ஆற்றிய உரையும் இத்துறையில் நினைக்கத்தக்கது. படிகளின் தோற்றம் பற்றி அறிஞரிடைக் கருத்து வேறுபாடு உண்டு. அவை உள்ளன என்பதில் ஐயமில்லை. அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு நின்று தெற்கே நோக்குவார், மலை மதில்போல் இறங்கித் தாழ்நிலத்தில் முடிவதைக் காண்பர். அம்மதிலின் சரிவிலும் அடியிலுமே பெரகலை, அல்துமுல்லை, கொஸ்லந்தை முதலிய ஊர்களும் பல தோட்டங்களும் அமைந்துள்ளன.

இனி, இம்மலையினுள் நீர் எங்ஙனம் தங்குகின்றது என்பதை நோக்குவோம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் துளைகளும் குகைகளும் நிறைந்தது. அது நீரைத் தன்னுள்ளே ஏந்தும். ஊவாவின் கடும்பாறை அத்தகையதன்று. பழுதற்ற பாறையில் ஒரு துளி நீரும் புகாது. ஆயினும் அப்பாறையில் நீண்ட வெடிப்புகள் உண்டு. பாறைக்கு மேலே, வெயிலாலும் மழையாலும் பல்லாயிரம் ஆண்டுகளாக உக்கிய மண்போர்வையும் உண்டு. மழைநீர் முதலில் மண்போர்வையில் ஊறிப் பின் வெடிப்புகளில் இறங்கும். நிலம் வளைந்து தாழும் இடங்களில் ஊற்றாக வெளிப்படும். அவ்வூற்றுகளை மூங்கிலாலோ குழாயாலோ ஏந்திப் பீலியாக்கியே தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக நீர் பெற்று வந்தனர். ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட காற்று வீசி ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருங்காலத்தும் பீலிகள் முற்றாக வற்றாதிருப்பது இச்சேமிப்பினாலேயே.

ஐப்பசி பிறந்ததும் நிலைமை மாறும். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலத்து இடிமழையும், அதனைத் தொடரும் வடகீழ்ப் பருவமழையும் தை மாதம் வரை ஊவாவை நனைக்கும். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்யின், ஓர் ஏக்கர் நிலத்தில் விழும் நீர் ஏறக்குறைய 4 இலட்சம் இலீற்றர் ஆகும். அதன் நிறை 400 தொன். இதில் ஒரு பகுதி ஓடையில் ஓடிவிடும். எஞ்சியது மண்ணுள் இறங்கும். இறங்கும் நீர் சரிவுக்குச் சுமையைக் கூட்டுகின்றது. ஆயின் அதனினும் கொடியது அதன் பிறிதொரு செயல். கிணற்றினுள் அமிழ்த்திய கல் கைக்கு இலேசாகத் தோன்றுவதுபோல, மண்துகள்களிடையே நிறைந்த நீர் அவற்றைத் தாங்கி, அவை ஒன்றையொன்று அழுத்திப் பற்றியிருக்கும் வலியைக் குறைத்துவிடுகின்றது. பற்று ஓரளவுக்குக் கீழே குறைந்ததும், அதுகாறும் அசையாது நின்ற சரிவு பாறைத்தளத்தின் மீது வழுக்கி இறங்குகின்றது. பழைய சரிவுகளின் மண்ணும் கல்லும் குவிந்த மலையடிவாரங்கள் இவ்வகையில் மிகவும் நலிந்தவை. அவை தளர்ந்த மண். நீரும் இயல்பாகவே அங்கு வந்து கூடும்.

இயற்கையின் இச்செயலை மனிதன் செயல் விரைவுபடுத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் காடுகள் அழிக்கப்பட்டன. காட்டு மரங்களின் ஆழ்ந்த வேர்கள் மண்ணைப் பிணித்திருந்தன. தேயிலைச் செடி அப்பணியை முழுவதும் ஆற்ற வல்லதன்று. இதனை உணர்ந்தே பழைய தோட்டங்களில் மழைநீரை ஒழுங்காக வெளியேற்றக் கான்கள் வெட்டப்பட்டன. கான்கள் தூர்ந்து, பராமரிப்பும் குன்றிய இடங்களில் நீர் தன் வழியைத் தானே தேடி மண்ணுள் இறங்குகின்றது. லயங்களுக்கு இடம் வகுத்தவர்கள் வேலைத்தலத்துக்கு அண்மையையும் நீர் வசதியையும் கருதினரேயன்றி, மலையின் உள்ளியல்பை அறிந்தாரல்லர். ஆகவே நீர் கூடும் பள்ளங்களிலும் சரிவின் அடியிலும் பல லயங்கள் எழுந்தன.

இதன் விளைவு 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் வெளிப்பட்டது. பல நாட் பெய்த மழையின் பின் மேற்சரிவு பெயர்ந்து, லயங்களை மண்ணுள் ஆழ்த்தியது. உயிரிழந்தோரும் காணாமற்போனோரும் முப்பதுக்கு மேற்பட்டோர். பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் சிலர் மீண்டு வந்து பார்த்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. இவ்விடம் அபாயமானது என்பது அறிவியலுக்குத் தெரியாததன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இலேயே பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாயப் படங்களை வரையும் பணியைத் தொடங்கியிருந்தது. மீரியபெத்தை மக்களை வேறிடத்திற் குடியமர்த்த வேண்டும் என்னும் அறிவுரையும் நிகழ்வுக்குச் சில ஆண்டுகள் முன்னரே கூறப்பட்டிருந்தது. படம் இருந்தது, அறிவுரை இருந்தது, செல்வதற்கு வேறு வீடுதான் இருந்திலது. தோட்ட மக்களுட் பெரும்பாலோர்க்குத் தாம் வாழும் அறைக்கோ அது நிற்கும் நிலத்துக்கோ உரிமைப் பத்திரம் இல்லை. அந்நிலையில் ‘நீங்குக’ என்னும் எச்சரிக்கை பாதி எச்சரிக்கையேயாம்.

நீரை அறிந்து முறையாக வெளியேற்றினாற் சரிவைத் தடுக்க இயலும் என்பதற்கும் ஊவாவிலேயே சான்று உண்டு. பதுளை நகரின் அருகே, 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லச பல்கலைக்கழகம் அமைந்துள்ள பதுளுசிரிகம என்னுமிடத்தில் நிலம் மெல்ல மெல்ல நகர்ந்து வந்தது. யப்பானிய அறிஞரின் துணையோடு அங்கு மழைமானி, நிலத்தடி நீர்மட்டத்தைக் காட்டும் கருவி, வெடிப்பின் விரிவை அளக்கும் கருவி முதலியன நிறுவப்பட்டன. மழையோடு நீர்மட்டமும், நீர்மட்டத்தோடு நிலநகர்வும் எவ்வாறு இயைந்து செல்கின்றன என்பது ஆராயப்பட்டது. பின்னர்ச் சரிவினுள் சற்றே சாய்வாக நீண்ட துளைகள் இடப்பட்டு, துளையிட்ட குழாய்கள் வழியே உள்நீர் வடிக்கப்பட்டது. பழைய தோட்டத்துக் கான் நிலத்தின் மேற்புறத்திற் செய்த வேலையை இக்குழாய் அதன் உட்புறத்திற் செய்கின்றது எனலாம்.

ஆயின் உள்நீரை அளவறியாது வெளியேற விடுதலும் கேடாகும். உமாஓயா நீரைத் தென்கிழக்குத் தாழ்நிலத்துக்குத் திருப்பவும், வழியில் 120 மெகாவாற்று மின்வலுவைப் பெறவும் வகுக்கப்பட்ட திட்டத்திற்காகப் பண்டாரவளைப் பகுதியின் அடியில் ஏறக்குறைய 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் அகழப்பட்டது. 2014 டிசம்பரில் அவ்வகழ்வு பாறையின் நீர்வெடிப்புகளை ஊடறுத்தது. தரைக்கீழ் நீர் சுரங்கத்துட் பாய்ந்தது. மேலேயிருந்த ஊர்களிற் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. நீர் நீங்கிய மண் அமிழ்ந்தமையால் வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017இல் மீண்டும் பெருங்கசிவு நேர்ந்தது. கசிவுகள் அடைக்கப்பட்டு, திட்டம் 2024 ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்டது. மலையின் மேலுள்ள கிணறும் அதன் அடியிலுள்ள சுரங்கமும் ஒரே நீரால் இணைக்கப்பட்டவை என்னும் உண்மையை ஊவா மக்கள் நூலிலிருந்து அன்று, வற்றிய கிணற்றிலிருந்தே கற்றனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. மலையினுள் நீர் மிகினும் கேடு, குறையினும் கேடு. எனவே அதனை இடையறாது அளத்தல் வேண்டும். இன்று 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கவும், 100 மில்லிமீற்றரில் வெளியேற ஆயத்தமாகவும், 150 மில்லிமீற்றரில் வெளியேறவும் எச்சரிக்கை விடுக்கும் முறை நடைமுறையில் உள்ளது. இதற்கு வேண்டிய மழைமானி எளிய பொருள். தோட்டப் பாடசாலையின் மாணவனும் அதனை அளந்து எழுதலாம். நிலத்திற் புதிய வெடிப்பு, மரங்களும் கம்பங்களும் சாய்தல், ஓர் ஊற்று திடீரென வற்றுதல் அல்லது புதிதாகத் தோன்றுதல், பீலி நீர் கலங்கி வருதல் ஆகியன மலை முன்கூட்டியே காட்டும் குறிகள். நாள்தோறும் பீலிக்குச் செல்லும் பெண்களே இக்குறிகளை முதலிற் காண்பவர். அவர்கள் கண்டது அலுவலகத்தை எட்டவும், அலுவலகம் அறிந்தது அவர்கள் மொழியில் லயத்தை எட்டவும் வழி அமைதல் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய ‘டித்வா’ புயலின் பெருமழையில் பதுளை உட்பட மலைநாட்டு மாவட்டங்கள் பலவும் மீண்டும் மண்சரிவுக்கு இரையாயின. நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மழையைத் தடுக்க மனிதனால் இயலாது. எந்தச் சரிவு நிற்கும், எந்தச் சரிவு வீழும் என்பதைப் பெரிதும் கணிக்க இயலும். அக்கணிப்புக்கு ஏற்ப நிலையான நிலத்தில் உரிமையுள்ள வீடு அமைத்துக் கொடுப்பதும் இயலும். முன்னது அறிஞரின் கடன். பின்னது நாட்டின் கடன். இரண்டும் ஒருங்கே நிறைவேறும் நாளிலேயே ஊவாவின் நில ஆராய்ச்சி தன் பயனை எய்தும்.