கல்வராயன் மலையிலிருந்து பரங்கிமலைக்கு: ராணுவ அதிகாரி பயிற்சியில் என்ன நடக்கும்? உடம்பை எப்படித் தயார் செய்வது?

கள்ளக்குறிச்சி பக்கம் படிப்பு முடித்த பசங்க ‘மிலிட்டரிக்குப் போகணும்’ என்று சொன்னால், வீட்டில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அக்னிவீர் ஆள்சேர்ப்புதான். டிகிரி இருந்தால் அதே ராணுவத்தில் நேரடியாக லெப்டினன்ட் ஆகலாம். அதற்கான பயிற்சி மையம் சென்னை பரங்கிமலையிலேயே இருக்கிறது. இது தெரிந்தவர்களுக்கும் ஒரு தயக்கம் உண்டு: ‘அந்த டிரெயினிங்கை நம்மால தாங்க முடியுமா?’

அங்கே உண்மையில் என்ன நடக்கும், மலையேறிப் பழகிய கால்களுக்கு எது சுலபம், எது கஷ்டம்? விரிவாகப் பார்க்கலாம்.

ஓடிஏ என்றால் என்ன?

ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமி என்பதன் சுருக்கம்தான் ஓடிஏ. 1962 சீனப் போருக்குப் பிறகு அதிகாரிகள் அவசரமாகத் தேவைப்பட்டதால், 1963-ல் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கப்பட்டது. 1988-ல் இப்போதைய பெயர் வந்தது. 1992 முதல் பெண்களும் இங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

விடுதலைப் புலிகளுடனான மோதலில் 1987-ல் உயிர் நீத்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இங்கே பயிற்சி பெற்றவர். அணிவகுப்பு மைதானத்துக்கே அவர் பெயர்தான். ‘அமரன்’ படம் மூலம் பலருக்கும் தெரிந்த மேஜர் முகுந்த் வரதராஜனும் இங்கிருந்து போனவரே.

பயிற்சிக் காலம் 49 வாரம். முடித்தால் ஷார்ட் சர்வீஸ் கமிஷன்: 10 ஆண்டு பணி, விரும்பினால் மேலும் 4 ஆண்டு. நிரந்தரப் பணிக்கும் வாய்ப்பு உண்டு.

உள்ளே போவது எப்படி?

யுபிஎஸ்சி ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் சிடிஎஸ் தேர்வு முக்கியமான வழி. ஓடிஏவுக்கு மட்டும் விண்ணப்பித்தால் கணிதத் தாள் கிடையாது. ஆங்கிலம், பொது அறிவு என இரண்டு தாள்கள் மட்டுமே. இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். கட்டணம் 200 ரூபாய். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் அதுவும் இல்லை.

கல்லூரியில் என்சிசி ‘சி’ சான்றிதழ் குறைந்தது ‘பி’ கிரேடில் எடுத்து, டிகிரியில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால், எழுத்துத் தேர்வே இல்லாமல் என்சிசி ஸ்பெஷல் என்ட்ரியில் விண்ணப்பிக்கலாம்.

இரண்டு வழியிலும் எஸ்எஸ்பி நேர்முகத் தேர்வைத் தாண்டியாக வேண்டும். ஐந்து நாள் தங்கவைத்து உளவியல் தேர்வு, குழுச் செயல்பாடு, நேர்காணல் என்று சோதிப்பார்கள். பிறகு மருத்துவப் பரிசோதனை.

கல்வராயன் மலை மாணவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: டிஎன்பிஎஸ்சி மாதிரி இங்கே எஸ்டி இடஒதுக்கீடோ வயதுத் தளர்வோ கிடையாது. பச்சை குத்துவதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஆனால் பழங்குடியினர் தங்கள் வழக்கப்படி குத்தியிருந்தால் விதிவிலக்கு கேட்கலாம்.

சேரும்போது உடம்பு எப்படி இருக்கணும்?

ராணுவ அறிவிப்புகளே இதைச் சொல்கின்றன. ஆண்கள் 2.4 கி.மீ. தூரத்தை 10 நிமிடம் 30 வினாடிக்குள் ஓட வேண்டும். பெண்களுக்கு 13 நிமிடம். புஷ்-அப் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 15. புல்-அப் 6 மற்றும் 2. சிட்-அப் 30 மற்றும் 25. இதோடு ஸ்குவாட், லஞ்சஸ். நீச்சலின் அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஓட்டத்தை எளிதாகப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. 400 மீட்டர் மைதானத்தை ஆறு சுற்று சுற்றினால் 2.4 கி.மீ. ஆண்கள் ஒரு சுற்றை 1 நிமிடம் 45 வினாடியில் முடிக்க வேண்டும். பெண்கள் 2 நிமிடம் 10 வினாடியில். முதல் சுற்றில் பறந்துவிட்டு நாலாவது சுற்றில் மூச்சு வாங்கினால் வேலைக்கு ஆகாது. ஆறு சுற்றும் ஒரே வேகம் வேண்டும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

விடிவதற்கு முன்பே எழுந்து, ஷேவ் செய்து, ஷூ பாலிஷ் போட்டு வரிசையில் நிற்க வேண்டும். உடற்பயிற்சி அல்லது டிரில்லில் நாள் தொடங்கும். குளித்து, சீருடை மாற்றி, சாப்பிட்டு அடுத்த வகுப்புக்குப் போக நிமிடக் கணக்கில்தான் நேரம் இருக்கும். ஆயுதப் பயிற்சி, வரைபட வாசிப்பு, போர்த் தந்திரம், ராணுவச் சட்டம் என்று வகுப்புகள். மாலையில் விளையாட்டு. இரவில் படிப்பு, மறுநாளுக்கான தயாரிப்பு.

முதல் சில வாரங்களில் புதியவர்களைத் திணறடிப்பது உடற்பயிற்சியைவிட இந்த நேர நெருக்கடிதான். பட்டன் போடாமல் வந்தாலும் தண்டனை, அறையில் ஒருவர் தாமதித்தால் மொத்தக் குழுவுக்கும் தண்டனை. குட்டிக்கரணம், புஷ்-அப், தவழ்தல் என்று வரும் இந்தத் தண்டனைக்கு அகாடமிப் பேச்சில் ‘ரகடா’ என்று பேர். களைப்பிலும் தூக்கமின்மையிலும் தலை தெளிவாக இருக்கிறதா, பக்கத்தில் இருப்பவனை விட்டுவிடாமல் இருக்கிறானா என்பதைப் பழக்குவதே இதன் நோக்கம் என்பார்கள்.

போகப் போகச் சுமை கூடும். துப்பாக்கியும் முழுப் போர்ச்சுமையுமாக 5 கி.மீ. ஓட்டம், கயிறு ஏறுதல், 9 அடி பள்ளம் தாண்டுதல் ஆகியவை போர்த்திறன் தேர்வில் வரும். முதுகில் மூட்டையோடு பல கிலோமீட்டர் நடைப்பயணம், இரவில் திசைகாட்டியும் வரைபடமும் வைத்து வழி கண்டுபிடிப்பது, பதுங்குகுழி வெட்டித் தங்கும் முகாம்கள் எல்லாம் உண்டு.

மலையில் வளர்ந்தது உதவுமா?

பாதி உதவும். வெள்ளிமலை சுற்றுவட்டாரத்தில் மேடு பள்ளமாக நடந்தே வளர்ந்தவர்களுக்குத் தொடையும் கணுக்காலும் உறுதியாக இருக்கும். சுமையோடு நீண்ட தூரம் நடப்பதும், இருட்டில் காட்டுப் பாதை பார்த்து நடப்பதும் புதிதாக இருக்காது.

மீதிப் பாதியைத் தனியாகத்தான் பழகணும். மலை நடை என்பது மெதுவாக, நின்று நின்று ஏறுவது. ஓடிஏ கேட்பது சமதளத்தில், சென்னையின் புழுக்கத்தில், சீரான வேகத்தில் ஓடுவது. கல்வராயனின் உயரத்தால் மூச்சுத்திறன் தானாகக் கூடிவிடும் என்று நம்பவும் வேண்டாம். அந்த அளவுக்கு உயரமான மலை இல்லை அது. புல்-அப்புக்கும் கயிறு ஏறவும் தோளும் பிடியும் வேண்டும். நடையில் அது வராது.

இதையெல்லாம்விடப் பெரிய தடை மொழி. சிடிஎஸ் தாளில் தமிழ் கிடையாது. எஸ்எஸ்பியில் குழு விவாதமும் தமிழில் நடக்காது. டிரில் கட்டளைகள் இந்தியில் வரும்: ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’. என்சிசியில் இருந்தவர்களுக்கு இந்தக் கட்டளைகள் ஏற்கெனவே பழக்கம்.

காயம் பட்டால்?

திடீரென்று அதிகம் ஓடத் தொடங்குபவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே, கணைக்கால் எலும்பில் வலி வரும். ‘பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடிடலாம்’ என்று விட்டால் அது எலும்பு விரிசலாக மாறலாம். பயிற்சியில் நீண்ட நாள் விடுபட்டால் அடுத்த அணியோடு சேர்த்து, பருவத்தை மறுபடி படிக்க வேண்டி வரும்.

இதில் கசப்பான பக்கமும் இருக்கிறது. பயிற்சியின்போது ஊனமடைந்து வெளியேற்றப்படும் கேடட்களுக்கு முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதி கிடைப்பதில்லை. இவர்களின் நிலையை 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதன் பிறகே முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம் இவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. மேலும், சொந்தக் காரணத்துக்காகப் பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட நேரிடும். சேரும் முன் குடும்பத்தோடு பேசி முடிவெடுப்பது நல்லது.

சம்பளம் எவ்வளவு?

பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. லெப்டினன்ட் ஆனதும் அதுவே அடிப்படைச் சம்பளமாகத் தொடங்கும்; கூடவே 15,500 ரூபாய் ராணுவப் பணி ஊதியம், அகவிலைப்படி. பயிற்சியை முடித்தவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை டிப்ளமோவும் உண்டு. கடைசி நாள் அணிவகுப்பு முடிந்ததும், தோளில் நட்சத்திரம் பொருத்துவது பெரும்பாலும் அப்பா அம்மாதான்.

இப்போதே என்ன செய்யலாம்?

கல்லூரி முதலாண்டிலேயே என்சிசியில் சேருங்கள். ‘சி’ சான்றிதழுக்கு மூன்று ஆண்டு ஆகும். வாரம் மூன்று, நான்கு நாள் ஓடினால் போதும். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஜிம் இல்லையென்றால் வலுவான மரக்கிளையே புல்-அப் கம்பி. நீச்சலை, நன்றாகத் தெரிந்தவர் துணையோடு மட்டும் பழகுங்கள். அருவித் தடாகத்திலோ கோமுகி அணையிலோ தனியாக இறங்க வேண்டாம். தினமும் ஒரு ஆங்கில நாளிதழ் படித்து, படித்ததை நண்பனிடம் ஆங்கிலத்திலேயே சொல்லிப் பாருங்கள். தப்பு வந்தால் பரவாயில்லை.

சிடிஎஸ் அறிவிப்பு யுபிஎஸ்சி இணையதளத்திலும், என்சிசி நுழைவு அறிவிப்பு ‘ஜாயின் இந்தியன் ஆர்மி’ இணையதளத்திலும் வெளியாகும். பிறந்த தேதி வரம்பு ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால், முதலில் அந்த வரியைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.