பதிப்பாளர் இல்லாமல் ஒரு புத்தகம்

பதிப்பாளர் செய்கிற வேலை மூன்று. பணம் போடுகிறார், கையெழுத்துப் பிரதியைச் செப்பனிட்டு அச்சேற்றுகிறார், கடைவரை கொண்டுபோகிறார். வாசகரிடமே பணம் திரட்டும் கிரவுட்ஃபண்டிங் முதல் வேலைக்கு மாற்று, சுயபதிப்பு இரண்டாவதற்கு. மூன்றாவது வேலை எப்படியும் எழுத்தாளர் தலையில்தான் விழும். இது தெரியாமல் இறங்குபவர்கள்தான் அதிகம்.

வாசகரை நம்பிப் புத்தகம் போடுவது நமக்குப் புதிதல்ல. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், நூல் வெளிவந்ததும் வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் திரட்டினார். பாரதி 1920இல் தம் எழுத்துகளை 40 நூல்களாக வெளியிட எண்ணி, அன்பர்களிடம் கடன் கேட்டு எழுதினார். அது கைகூடவில்லை.

இன்று இதையே இணையத்தில் செய்கிறார்கள். 2009இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் தளத்தில், எவ்வளவு பணம் வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுத்தாளர் அறிவிப்பார். கெடுவுக்குள் இலக்கை எட்டினால்தான் பணம் வரும். ஒரு ரூபாய் குறைந்தாலும் யாரிடமிருந்தும் எதுவும் பிடிக்கமாட்டார்கள். திரண்ட தொகையில் தளத்துக்கு 5 விழுக்காடு. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. 2022 மார்ச்சில் அமெரிக்க மிகைபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் நான்கு நாவல்களுக்காக 10 லட்சம் டாலர் கேட்டார். வந்ததோ 4 கோடி டாலருக்கும் மேல். இதைக் காட்டி ஆசை மூட்டுபவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை: 2005 முதல் நாவல்கள் வெளியிட்டு, பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்து வைத்திருந்தவர் அவர். கிரவுட்ஃபண்டிங் இருக்கிற வாசகரிடமிருந்து பணம் திரட்டும். புது வாசகரை உண்டாக்கித் தருவது அரிது.

பணம் யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். பிரிட்டனில் அன்பவுண்ட் நிறுவனம் வாசகர் நிதியில் நல்ல நூல்களைக் கொண்டுவந்தது. அவற்றில் ஒன்றான பால் கிங்ஸ்நார்த்தின் ‘தி வேக்’ 2014 புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. 2025இல் நிறுவனம் நொடித்தது. எழுத்தாளர்களுக்கு ராயல்டி பாக்கி, முன்பணம் கட்டிய வாசகர்களுக்குக் காத்திருப்பு. தமிழில் முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்து வாசகரிடம் முன்பணம் வாங்குபவர்கள் அந்தப் பணத்தை வீட்டுச் செலவோடு கலக்காமல் தனிக் கணக்கில் போட்டு வைப்பது நல்லது.

சுயபதிப்பில் எளிய வழி மின்னூல். அமேசானின் கேடிபி தளத்தில் தமிழில் வெளியிடலாம், கட்டணம் இல்லை. ராயல்டி 35 அல்லது 70 விழுக்காடு. இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது. அச்சு நூலில் பதிப்பாளர் தருவது வழக்கமாக 10 விழுக்காடு என்பதால் இது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் மெய்ப்பு, அட்டை, விளம்பரம் எல்லாம் உங்கள் செலவு. மெய்ப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பிழை மலிந்த நூலை வாங்கியவர் அடுத்ததை வாங்கமாட்டார்.

அச்சுக்குப் போவதானால் டிஜிட்டல் அச்சில் 50, 100 படிகள் போதும். நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை, அதை இந்தியாவில் வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமையில் எழுத்தாளரே விண்ணப்பித்து இலவசமாகப் பெறலாம். அதற்கெனத் தனிக் கட்டணம் கேட்டால் என்ன வேலைக்கு என்று கேளுங்கள். உங்கள் பணத்திலேயே நூல் போட்டுத்தரும் ‘பதிப்பகம்’ என்றால், உரிமை யாருக்கு, எத்தனை படி அச்சாகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். விலை வைக்கும்போது கடைக்காரரின் கழிவையும் தபால் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள். அச்சுக்கூலியை மட்டும் பார்த்து விலை வைத்தால், கடையில் விற்கும் ஒவ்வொரு படியிலும் கைநஷ்டம்தான்.