சுருவில் கிணற்றுக்கு எந்த ஹீற்றர்?

யாழ்ப்பாணத் தீவகத்தின் சுருவிலில் வீடு திருத்தும்போது குளியலறைக்கு ஹீற்றர் பூட்டும் பேச்சு வரும். "தாங்கி இல்லாததைப் போடுங்கோ அம்மா, கரண்ட் மிச்சம்" என்று ரொறன்ரோவிலிருந்து மகள் சொல்வாள். கடைக்காரரோ 15 லீற்றர் தாங்கி உள்ளதைக் காட்டுவார். யார் சொல்வதைக் கேட்பது?

முதலில் மின்செலவு. எங்கள் கிணற்று நீரின் வெப்பநிலை சுமார் 28 பாகை செல்சியஸ். குளிக்க 40 பாகை போதும். 15 லீற்றரை 60 பாகைக்குச் சூடாக்கிக் கிணற்று நீருடன் கலந்தால் 40 லீற்றர் இளஞ்சூட்டு நீர் கிடைக்கும். அதற்குச் செலவாவது 0.56 அலகு மின்சாரம். தாங்கி இல்லாத ஹீற்றர் அதே 40 லீற்றரைச் சூடாக்கவும் அதே 0.56 அலகுதான் வேண்டும். தாங்கி ஹீற்றரை நாள் முழுக்கப் போட்டே வைத்தால்தான் சூடு கசிந்து வீணாகும். குளிப்பதற்கு அரைமணி முன் போட்டு, பிறகு நிறுத்தினால் அந்த இழப்பு மிகச் சிறிது.

வேறுபடுவது வேகம். தாங்கி ஹீற்றர் 2 கிலோவாற்றில் 17 நிமிடம் எடுத்துச் சூடாக்கும். மற்றது நிமிடத்துக்கு 4 லீற்றர் ஓடும்போதே சூடாக்குவதால் 3.3 கிலோவாற்றுக்கு மேல், அதாவது 14 அம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வயரிங் அதைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். ரொறன்ரோக் குளிர்காலத்தில் குழாய் நீர் ஏறத்தாழ 5 பாகை. அதே ஓட்டத்துக்கு அங்கே 10 கிலோவாற் அளவு வேண்டும். தாங்கி இல்லாத ஹீற்றரை அங்கே பலர் எரிவாயுவில் ஓட்டுவது அதனால்தான். அங்கத்தைய கணக்கு இங்கே பொருந்தாது.

அதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். தீவகத்தின் அடிநிலம் சுண்ணக்கல். மழைநீர் அதில் ஊறி இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வரும். சூடேறினால் அந்தக் கல்சியம் கல்லாகப் படியும். கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படை அதுதான். தாங்கி இல்லாத ஹீற்றரின் ஒடுக்கமான வழியில் படை கொஞ்சம் பிடித்தாலே ஓட்டம் குறையும், சூடாக்கும் கம்பி அளவுக்கு மீறிக் காய்ந்து பழுதாகும். தாங்கியிலும் படை பிடிக்கும். ஆனால் அடியில் தங்க இடமுண்டு, திறந்து கழுவலாம்.

கிணறு சவராக இருந்தால், அந்தத் தண்ணீரின் உப்பு தாங்கியின் உருக்கை அரிக்கும். அதைத் தடுக்க உள்ளே ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். உருக்குக்கு முன் தானே கரைந்து அது தாங்கியைக் காக்கிறது. கம்பி தீர்ந்தால் அடுத்துத் தாங்கி ஓட்டையாகும்.

ஆகவே கேத்தலில் படை பிடிக்கும் வீட்டுக்குச் சிறிய தாங்கி ஹீற்றரே நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை கழுவி, மக்னீசியக் கம்பியைப் பார்த்து மாற்றுங்கள். மழைநீரைச் சேமித்துக் குளிக்கும் வீட்டில், வயரிங்கும் புதிதென்றால், தாங்கி இல்லாததைத் தாராளமாகப் போடலாம். எதைப் பூட்டினாலும் ஏர்த்தும் றிப் சுவிட்சும் சரியாக இருப்பதை மின்வேலை தெரிந்தவரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். ஈரக் கையோடு தொடுகிற சாதனம் அது.