வேது பிடிக்கும் கருவியும் முருங்கன் கிணற்று நீரும்

கட்டுக்கரைக்குளத்துக்குத் தண்ணீர் வரும் காலமே முருங்கன் பகுதி மக்களுக்குத் தடிமன் வரும் காலமுமாகும். காலபோக விதைப்பின்போது சேற்றிலும் மழையிலும் நின்ற உடல் தைமாதப் பனியில் நடுங்கி, அதன்பின் சூடடிக்கும் களத்துத் தூசையும் சுவாசிக்க வேண்டியிருக்கிறது. மூக்கடைத்துத் தலை கனக்கும் அந்நாட்களில் நம் வீடுகளிற் சொல்லப்படும் முதல் வார்த்தை, "ஒருக்கால் வேது பிடி" என்பதுதான்.

வேது பிடிக்கும் முறையை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வேலியிலே நிற்கும் நொச்சியில் ஒரு பிடி, வேம்பில் ஒரு கொத்து, தேசி இலை, கைக்கு அகப்பட்டால் கர்ப்பூரவள்ளியும் துளசியும், ஒரு துண்டு மஞ்சள். இவற்றை ஒரு பானையிலிட்டு வாயை மூடிக் கொதிக்கவைத்து, போர்வைக்குள்ளே குனிந்திருந்து மூடியைத் திறப்பதே அம்முறை. இதில் ஒரு விநோதம் உண்டு. இலைகளின் வாசனைக்குக் காரணமான எண்ணெய்கள் எளிதிற் கொதிப்பவை அல்ல. யூகலிப்டஸ் தைலத்தின் முக்கிய சத்து ஏறக்குறைய 176 பாகை உஷ்ணத்திலும், ஓமத்தின் சத்து 230 பாகைக்கு மேலுமே தனித்துக் கொதிக்கும். தண்ணீரோ 100 பாகையைத் தாண்டாது. ஆயினும் நீரோடு கலவாத எண்ணெயும் நீரும் ஒருங்கே சூடேறும்போது, இரண்டின் ஆவியும் சேர்ந்து காற்றின் அழுத்தத்துக்கு ஈடாகிவிடுவதால், எண்ணெய் தன் கொதிநிலையை அடையுமுன்னரே நீராவியோடு கைகோத்து வெளியேறுகின்றது. தைலம் வடிப்பவர்கள் கையாளும் தத்துவமும் இதுவே. நம் பாட்டிமார் குசினியில் நடத்தியது ஒரு சிறு தைலச்சாலை எனலாம்.

இப்பொழுது அந்தப் பானையின் இடத்துக்கு ஒரு கருவி வந்திருக்கிறது. கைப்பையில் அடங்கும் பிளாஸ்டிக் குடுவை. மேலே முகத்துக்குப் பொருந்தும் ஒரு குழல். பின்னால் மின்சாரக் கம்பி. கொழும்பிலுள்ள பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்துவிடும் பொருள்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது. ஆனால் கொழும்பிலே ஒழுங்காக வேலைசெய்த கருவி, முருங்கனுக்கு வந்ததும் மூர்க்கங்கொண்டு கொதிநீரைத் துப்புகிறது, மின்குமிழ்கள் மங்குகின்றன, சில வேளை உருகி எரிந்து வீடே இருளாகிறது. அதே கருவியில் மாரி காலத்திற் பிடித்துவைத்த மழைநீரை ஊற்றினால், அரை மணி நேரம் காத்திருந்தாலும் ஆவியைக் காணோம். கருவி பழுதென்று கடைக்காரரைக் குறைசொல்பவர் பலர். உண்மையில் பெரும்பாலும் பழுது கருவியில் இல்லை, தண்ணீரிலேதான் இருக்கிறது.

இக்கருவிகளில் இருவகை உண்டு. ஒருவகையில் அடியிலுள்ள உலோகத்தட்டுச் சூடாகி நீரைக் கொதிக்கவைக்கும். மலிவான மற்ற வகையில் சூடேறும் தட்டே கிடையாது. இரண்டு உலோகத் தகடுகள் சிறு இடைவெளி விட்டு நீருக்குள் நிற்கின்றன. மின்சாரம் ஒரு தகட்டிலிருந்து நீரினூடாக மறு தகட்டுக்குப் பாய, நீர் தானே சூடேறிக் கொதிக்கிறது. நீர் வற்றிவிட்டால் மின்னோட்டமும் நின்றுவிடும். ஆகவே அடிப்பற்றிக் கருகும் அச்சமில்லை. ஆனால் நீரில் எவ்வளவு உப்பு உண்டோ அவ்வளவுக்கு மின்சாரம் பாயும் என்பதை மறக்கக்கூடாது. மழைநீரில் உப்பு இல்லை. எனவே அது கருவியில் வாளாவிருக்கும். கொழும்புக் குழாய்நீர் மென்மையானது. அது மெல்லக் கொதிக்கும். முருங்கன் பகுதியின் நிலமோ சுண்ணாம்புக்கல்லின் மேலமைந்தது. கிணற்று நீர் கடினமானது. கோடையிற் பல கிணறுகள் உவர்ப்பும் கொள்ளும். இந்நீர் தகடுகளுக்கிடையே அளவுக்கு மிஞ்சிய மின்சாரத்தை ஓடவிடுகிறது. அதுவே துப்பலுக்கும் உருகி எரிவதற்கும் காரணம்.

(முருங்கன் மண்ணைப் பற்றி இன்னொன்று. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு இங்கிருந்துதான் களிமண் சென்றது. சீமெந்துக்கு உதவிய மண் தைலக்குடுவைக்கு உதவாமற்போனால் நாம் வருந்துவானேன்?)

பரிகாரம் மிக எளிது. கொதிநீரைத் துப்பும் கருவிக்குக் கிணற்று நீரோடு மழைநீரையோ, போத்தலில் விற்கப்படும் வடித்த நீரையோ பாதிக்குப் பாதி கலக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் பின்னதைக் கூட்டலாம். ஆவி வராத கருவிக்கு விரல்நுனியில் ஒட்டும் அளவு உப்பே போதும். கறிக்கு இடுவதுபோல் அள்ளி இட்டால் உருகிதான் எரியும். கிணற்று நீரை முன்கூட்டியே கொதிக்கவைத்து ஆறவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சுண்ணாம்பின் ஒரு பகுதி பானையின் அடியிற் படிந்துவிடும் என்பது உண்மை. உவர்ப்போ நீரைவிட்டு நீங்காது.

சுண்ணாம்பு இன்னொரு வகையிலும் தொல்லை தரும். சில வாரங்களில் தகடுகளின்மேல் வெண்ணிறப் பொருக்கு ஏறி, முன்னர் துப்பிய கருவியே இப்போது சோம்பலாகிவிடும். இதைக் கத்தியாற் சுரண்டலாகாது. இணைப்பைக் கழற்றியபின், தேசிக்காய்ப் புளியை அல்லது வினாகிரியை நீரிற் கலந்து ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டால் பொருக்கு நுரைத்துக் கரையும். பின்னர் இருமுறை நன்றாக அலச வேண்டும். புளிப்பு மிஞ்சியிருந்தால் அதுவும் உப்பைப்போலவே மின்சாரத்தைக் கூட்டும்.

இலையைக் குடுவைக்குள் இடுவது பலரும் செய்யும் பிழை. இலைத்துணுக்குகள் தகடுகளுக்கிடையிற் சிக்கும், சாறு நுரைத்துப் பொங்கும், குழல் அடைபடும். ஆவி வெளியேறும் வாயிலில் ஒரு சிறு கிண்ணம் இருக்கும். கசக்கிய நொச்சியிலையையோ நிழலில் உலர்த்திய துளசியையோ அதிலே தளர்வாக வைத்தால் போதும். அழுத்தி நிரப்பினால் ஆவிக்கு வழியிராது. தைலம் விடுவதானாலும் கிண்ணத்திலேயே ஓரிரு துளி விடலாம். தைலத்தைக் குடுவையில் ஊற்றினால் பிளாஸ்டிக் நாளடைவில் வெடிப்புக் கொள்ளும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. தகடு வகைக் கருவியில், செருகி சுவரில் இருக்கும்வரை குடுவைக்குள் இருக்கும் நீரே மின்சாரம் பாயும் நீர். நம் வீடுகளில் வருவது 230 வோல்ற்று மின்சாரம். "ஆவி வருகிறதா?" என்று மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்ப்பதும், கரண்டியாற் கிண்டுவதும் உயிரோடு விளையாடுவதாகும். நீர் ஊற்றி, மூடி பூட்டி, கடைசியாகவே செருகியைச் செருக வேண்டும். முடிந்ததும் முதலில் அதையே கழற்ற வேண்டும்.

இத்தனை சிரமத்துக்கும் பலன் உண்டா என்று நேயர்கள் கேட்பது நியாயமே. சூடான ஈர ஆவி தடிமனைக் குணமாக்குகிறதா என்று உலகில் நடந்த சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், உறுதியான பலனைக் காணவில்லை. புதினா வகைகளிலுள்ள மென்தோல் மூக்கைத் திறந்துவிட்டதுபோலத் தோன்றுவதற்குக் காரணம், குளிர்ச்சியை உணரும் நரம்புகளை அது தூண்டுவதே. அடைப்பு உண்மையில் அவ்வளவாகக் குறைவதில்லை. ஆயினும் இரவில் நித்திரையின்றித் தவிப்பவருக்குச் சுகமென்ற உணர்வும் சிறிய பேறன்று. நோயாற்றும் மருந்தென எண்ணாமல் ஆறுதலென எண்ணிப் பிடிப்பவர் ஏமாறார்.

தொய்வு நோயாளரின் நிலை வேறு. இழுப்பு வந்தவரைப் போர்வைக்குள் இருத்துவது ஆபத்தானது. சுருங்கிய மூச்சுக்குழாயை நீராவி விரிக்காது. சிலருக்கு அதன் வெப்பமும் தைலத்தின் காரமும் இழுப்பைக் கூட்டிவிடும். கழிந்துபோகும் ஒவ்வொரு நிமிடமும் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய நிமிடம். வைத்தியர் தந்த உள்ளிழுக்கும் மருந்தே அப்போது துணை. இங்கே ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. சென்னையில் தலைமை வைத்தியராயிருந்த ஜேம்ஸ் அண்டர்சன், தொய்வுக்கு ஊமத்தையைப் புகைக்கும் உள்நாட்டு வழக்கத்தைத் தளபதி ஜென்ற் என்பவருக்குச் சொல்ல, அவர் 1802இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். பின்னர் நூறாண்டுக்கு மேலாக ஐரோப்பாவில் ஊமத்தைச் சுருட்டுகள் தொய்வு மருந்தாக விற்கப்பட்டன. ஊமத்தையிலுள்ள அத்திரோப்பீன் மூச்சுக்குழாயை விரிப்பது மெய். அதிலிருந்து பிறந்த இப்ராத்திரோப்பியம் இன்றும் வைத்தியசாலைகளில் ஆவியாகக் கொடுக்கப்படுகிறது. ஆனால் இலையில் நஞ்சின் அளவு செடிக்குச் செடி மாறும். அளவு மிஞ்சினால் சித்தப்பிரமையும் மரணமும் நேரலாம். ஊமத்தையை எந்த வேதிலும் சேர்க்கலாகாது.

மேல்நாடுகளில் இன்னொரு சிறு கருவியும் புழக்கத்திலுண்டு. நீரே இல்லாமல், உலர்ந்த இலையை 160 முதல் 220 பாகை வரை சூடாக்கி, கொளுத்தாமலே அதன் ஆவியை எடுப்பது அது. தீப்பற்றாததனால் தாரும் காபனோரொட்சைட்டு வாயுவும் பெருமளவு குறைகின்றன என்பதே அதன் பெருமை. இலை ஈரமானால் ஆவி வராது. மாவாக அரைத்தால் வலைச்சல்லடை அடைபடும். கருகல் நாற்றம் வந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் கஞ்சாவுக்கே அது பயன்படுகிறது. நம் நாட்டில் ஆயுர்வேதத்துக்கென விதிக்குட்பட்ட விலக்குத் தவிர, கஞ்சா வைத்திருப்பது குற்றம். ஆகையால் அதை நம் வீட்டுக் கருவியாகப் பரிந்துரைக்க நாம் விரும்பவில்லை. தீயில்லாத ஆவியாயினும், பழுதுற்ற மார்புக்கு அது நன்மை செய்யுமென்றும் கொள்ளலாகாது.

குழந்தைகளின் விஷயத்தில் நம் கருத்து உறுதியானது. கொதிநீர்ப் பானையைப் போர்வைக்குள் வைத்துக் குழந்தையை அதன்முன் இருத்தும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். ஒரு உதை, ஒரு திமிறல். பானை மடியிற் கவிழும். முகம் முதல் தொடை வரை வெந்த பிள்ளைகளின் கதை உலகெங்கும் வைத்தியர்களின் குறிப்பேடுகளில் நிறைந்திருக்கிறது. கற்பூரமும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆகாது. விழுங்கினாற் சிறிதளவே வலிப்பை உண்டாக்கும். பிள்ளைக்கு மூக்கடைத்தால் உப்புநீர்ச் சொட்டும் தாய்ப்பாலும் போதும். தவறிச் சுட்டுவிட்டாலோ, பற்பசையும் தேங்காயெண்ணெயும் தேடாமல் ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், பின்பு வைத்தியசாலை. வாகனமில்லாத வீட்டார் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய வண்டி கட்டணமின்றி வரும்.

பெரியவர்கள் வேது பிடிக்கும்போது முகத்துக்கும் குழலுக்குமிடையே ஒரு முழ இடைவெளி விட்டு, கண்ணை மூடி, ஐந்து முதல் பத்து நிமிடம் வரை இருந்தால் போதும். கருவியைச் சமமான மேசையில் வைத்து, கம்பியைப் பிள்ளைகளின் கால்படாத பக்கமாக விட வேண்டும். முடிந்தபின் நீரை உள்ளே நிற்கவிடாமற் கொட்டி, கிண்ணத்திலுள்ள இலையை எறிந்து, குடுவையை நிழலிற் கவிழ்த்துக் காயவைத்து எடுத்துவைத்தால் அடுத்த மாரி வரையும் பாசியும் நாற்றமும் அணுகாது.