கடையின் இலவச 'வைஃபை' வழியாகக் கல்லாவுக்குள் நுழைய முடியுமா?

ஃபேரர் பார்க், ரேஸ் கோர்ஸ் சாலையில் ஓர் உணவகம். சாப்பாடு வருவதற்குள் கைத்தொலைபேசியைக் கடையின் இலவச 'வைஃபை'யில் இணைக்கிறீர்கள். கல்லாவில் கட்டணக் கருவி, மேலே கண்காணிப்புக் கேமரா. எல்லாக் கம்பிகளும் ஒரே 'சுவிட்ச்' கருவியில் போய்ச் சேரலாம்.

அப்படின்னா உங்கள் கைத்தொலைபேசியிலிருந்து கல்லாவை எட்டமுடியுமா? பிரித்து வைக்காவிட்டால் முடியலாம்.

வீ-லேன் என்றால் என்ன?

ஒரே சுவிட்சைப் பல தனிக் கட்டமைப்புகளாகப் பிரிக்கும் முறை. ஒரே வீட்டுக்குள் சுவர் எழுப்புவது மாதிரி. வாடிக்கையாளருக்கு ஓர் அறை, கல்லாவுக்கு ஓர் அறை, கேமராவுக்கு ஓர் அறை.

பிரித்தால் மட்டும் போதுமா?

போதாது. அறைகளுக்கு நடுவே கதவு திறந்து கிடந்தால் சுவரால் பயனில்லை.

2018இல் சிங்ஹெல்த் கட்டமைப்பு ஊடுருவப்பட்டது. 1.5 மில்லியன் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் சுமார் 160,000 பேரின் மருந்து விவரங்களும் பறிபோயின. அப்போதைய பிரதமர் லீ சியென் லூங்கும் அவர்களில் ஒருவர்.

சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் சில சர்வர்களுக்கும் நோயாளித் தரவுத்தளத்துக்கும் இடையே இணைப்பு ஒன்று திறந்தே இருந்ததை விசாரணைக் குழு சுட்டியது. வேலை வசதிக்காக விடப்பட்ட அந்த இணைப்பு தேவையே இல்லை என்றும் அது கூறியது. அது வீ-லேன் கோளாறு அல்ல. ஆனால் சின்னக் கடைக்கும் அதே பாடம்தான்: தேவையில்லாத வழியை அடைத்துவிடுங்கள்.

கடை வைத்திருக்கிறீர்களா?

கட்டமைப்பைப் பொருத்தித் தந்தவரிடம் கேளுங்கள்:

- எல்லாக் கருவிகளும் இன்னும் 'வீ-லேன் 1'இலா? பொதுவாகப் புது சுவிட்சில் எல்லா 'போர்ட்'களும் அதில்தான் இருக்கும்.

- பயன்படுத்தாத போர்ட்களை மூடியாச்சா? காலியாக உள்ளதில் யார் வேண்டுமானாலும் கம்பியைச் செருகலாம்.

- பல வீ-லேன்களைச் சேர்த்துச் சுமக்கும் இணைப்புக்கு 'டிரங்க்' என்று பெயர். சில சுவிட்சுகளில் சாதாரண போர்ட்டும் தானாக டிரங்காக மாறிவிடும். அந்த வசதி நிறுத்தப்பட்டதா?

- வீ-லேன்களுக்கு இடையே 'ரூட்டரில்' தடை போடப்பட்டுள்ளதா?

- சுவிட்சோடு வந்த கடவுச்சொல் மாற்றப்பட்டதா?

நீங்களே சோதிக்கலாம். வாடிக்கையாளர் வைஃபையில் இணைந்து, உங்கள் கேமராவின் முகவரியைத் திறந்து பாருங்கள். உள்நுழையும் பக்கம் தெரிந்தால், கதவு இன்னும் மூடப்படவில்லை.