நன்னூலுக்குள் ஒரு சமண முனிவர்



பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் டியூஷன் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், நன்னூல் கடவுள் வாழ்த்துல வர்ற நான்முகன், பிரம்மாதானே?" வகுப்பே "ஆமாம்" என்றது. மாணவியாக இருந்தபோது நானும் அப்படித்தான் எழுதினேன்; மதிப்பெண் போச்சு! விடை ஏன் தவறு என்று புரிய, நூலாசிரியரை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இவர்?

பவணந்தி முனிவர் ஒரு சமணத் துறவி. ஊர் சனகை. சன்மதி முனிவரின் மைந்தர் என்பர். மாணாக்கர் என்று கொள்வாரும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் நன்னூலை இயற்றினார். இன்று நமக்குக் கிடைப்பவை எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும். பாயிரத்தோடு சேர்த்து 462 நூற்பாக்கள். அவர் வாழ்க்கையைப் பற்றிச் சிறப்புப்பாயிரம் தரும் செய்தி கொஞ்சம்தான். ஆனால், அவர் கொள்கை நூலுக்குள்ளேயே இருக்கிறது. மூன்று இடங்களைப் பாருங்கள்.

1. கடவுள் வாழ்த்து

எழுத்ததிகாரத்தில் வரும் நான்முகன், அசோக மரத்தின் நிழலில் அமர்ந்த அருகதேவன். அறவுரை கேட்க நான்கு பக்கமும் கூடியிருப்போருக்கு அவர் முகம் தெரியும் என்பது சமணர் நம்பிக்கை. சொல்லதிகாரத்தில் வரும் அச்சுதனும் திருமால் அல்லர். முக்குடையின் கீழ் இருக்கும் அதே அருகர்தான். அசோக மரம், முக்குடை இரண்டும் அருகருக்குரிய அடையாளங்கள். பெயரை மட்டும் பார்த்து விடை எழுதாதீர்கள்.

2. எழுத்தின் பிறப்பு

எழுத்துக்குக் காரணம் அணுத்திரள் என்கிறார் பவணந்தியார். ஒலியும் அணுக்களால் ஆன பொருளே என்பது சமணக் கோட்பாடு.

3. உயிர்ப் பாகுபாடு

தொல்காப்பியம் மனத்தையும் சேர்த்து மனிதனுக்கு ஆறறிவு என்கிறது. நன்னூலோ ஐந்தறிவோடு நிறுத்துகிறது. புல், மரம் ஓரறிவு, நத்தை போன்றவை ஈரறிவு, எறும்பு, கறையான் மூவறிவு, வண்டு நாலறிவு. தேவர், மனிதர், நரகர், விலங்கு, பறவை எல்லாம் ஒரே ஐயறிவு வரிசை! மனிதனும் மாடும் ஒரே வரிசையில் நிற்கும்போது, கொல்லாமையைச் சமணம் ஏன் தலையாய அறமாகக் கொண்டது என்பது விளங்கும். ஓரறிவு உயிரையும் வருத்தக் கூடாது என்பதே அதன் போதனை. ஒப்பிட்டு எழுதும் வினாவுக்கு இது நல்ல சான்று.

நிறைவாக ஒன்று. நன்னூலுக்கு உரை எழுதிய மயிலைநாதர் சமணர், சங்கரநமச்சிவாயர் சைவர். அவர் உரையைத் திருத்தி விரித்த சிவஞான முனிவரும் சைவரே. சமயம் வேறு என்று அவர்கள் நூலை ஒதுக்கவில்லை. கோயிலும் விகாரையும் தேவாலயமும் அருகருகே இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் படிக்கும் நமக்கு இது புதிதல்ல. பவணந்தியார் வணங்கியவரை அவர் வணங்கியபடியே சொல்வோம். விடையும் சரியாகும், ஆசிரியருக்குச் செய்யும் மரியாதையும் அதுதான்.